குழந்தைப் பேதியும் கிருமிக் கணக்கும்

கியா பார்மில் கடை வைத்திருக்கும் நம்மவர்கள் முட்டைக்கோசு விலையையும் தக்காளி விலையையும் நாள்தோறும் கேட்டுக் குறித்து வைக்கிறார்கள். அதே கடைக்கு, கதவு திறக்கிற நேரத்தில், தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்தோ காய்கறித் தோட்டத்துக் கொட்டகையிலிருந்தோ ஒரு தாய் வந்து நிற்பதும் புதிதன்று. "நானா, பிள்ளைக்கு ராத்திரியெல்லாம் வாந்தியும் பேதியுமா இருக்கு. கட்டுற மாத்திரை இருந்தாக் குடுங்க" என்று கேட்பார். ஆஸ்பத்திரி தானா ராத்தாவில் இருக்கிறது. கடை பக்கத்தில் இருக்கிறது. ஆகவே முதல் வைத்தியம் பெரும்பாலும் நம் கையால் நடந்துவிடுகிறது. அந்தக் கை எதைக் கொடுக்க வேண்டும், எதைக் கொடுக்கக் கூடாது என்பதைச் சொல்லவும், இந்தப் பேதியை உண்டாக்கும் கிருமிக்கு வைத்தியர்கள் பேரேடு போட்டுக் கணக்கு வைத்துவரும் விஷயத்தை விளக்கவும் இதை எழுதுகிறோம். நாம் மதரஸாவும் ஆரம்பப் பள்ளியும் கண்டவர்களே. எனினும் பேரேடு என்றால் என்னவென்று கடைக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சிறு குழந்தைகளின் கடும் பேதிக்குக் காரணங்கள் பல. அவற்றுள் தலையாயது ரோட்டா வைரஸ் என்னும் நுண்கிருமி. ரோட்டா என்றால் லத்தீன் மொழியில் சக்கரம். எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்போது வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்களும் விளிம்பும் போலத் தெரிவதால் இப்பெயர் வந்தது. 1973-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில், ரூத் பிஷப் என்ற அம்மையாரும் அவருடன் வேலை செய்தவர்களும், பேதியால் படுத்திருந்த குழந்தைகளின் குடலிலிருந்து எடுத்த சிறு துணுக்குகளில் இதைக் கண்டார்கள். அதுவரை குழந்தைப் பேதிகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் விளங்காமலே இருந்தது. 'பல் முளைக்கிறது', 'பால் ஒத்துக்கொள்ளவில்லை', 'கண் பட்டுவிட்டது' என்று நம் பாட்டிமார் சொன்னார்கள். டாக்டர்களிடமும் அன்று இதைவிட நல்ல பதில் இருக்கவில்லை. பல் முளைக்கும் பருவமும் இக்கிருமி கடுமையாகப் பிடிக்கும் பருவமும் ஏறத்தாழ ஒன்றே. ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை இரண்டும் சேர்ந்தே வருவதால் பழி பல்லின்மேல் விழுந்தது.

நோயுற்ற குழந்தையின் மலத்திலிருந்து கை வழியாக இன்னொரு குழந்தையின் வாய்க்கு இக்கிருமி போகிறது. ஒரு கிராம் மலத்தில் கோடி கோடியாக இருக்கும். அடுத்த குழந்தையைப் பிடிக்கச் சில பத்துக் கிருமிகளே போதும். மேசையிலும் விளையாட்டுச் சாமானிலும் நாட்கணக்கில் கெடாமல் கிடக்கும். ஆகவேதான் நல்ல குழாய்த் தண்ணீரும் நல்ல கழிப்பிடமும் உள்ள நாடுகளையும் இது விடவில்லை. தடுப்பு மருந்து வருமுன் அமெரிக்காவிலும் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் ஐந்து வயதுக்குள் ஒரு முறையேனும் இதைப் பெற்றன. பிடித்ததில் பணக்காரன் ஏழை என்ற பேதமில்லை, மாண்டதில் இருந்தது. 2000-ஆம் ஆண்டில் உலகத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ 5,28,000 பேர் இதனால் இறந்தனர் என்று கணக்கிட்டார்கள். 2013-இல் அது 2,15,000 ஆகக் குறைந்தது. அதிலும் ஏறத்தாழ 47,000 இந்தியாவில்.

உயிரை எடுப்பது கிருமி அன்று, நீர் வற்றுதல். குடலின் உட்புறத்தில் தண்ணீரை உறிஞ்சும் மெல்லிய விரல் போன்ற அமைப்புகள் உண்டு. கிருமி அவற்றை அரித்துவிடுவதால், குடித்ததும் நிற்பதில்லை, உடம்பிலிருந்த நீரும் வெளியே போகிறது. முதலில் வாந்தியும் காய்ச்சலும், பிறகு தண்ணீராகப் பேதி. எட்டுக் கிலோ எடையுள்ள குழந்தை முக்கால் லிட்டருக்குச் சற்று மேல் நீரை இழந்துவிட்டால் உயிருக்கு அபாயம். நம் கடையில் விற்கும் ஒரு தண்ணீர்ப் புட்டியின் அளவுதான் அது. கடும் பேதியில் ஒரு பகலுக்குள் அவ்வளவும் போய்விடும். பள்ளி விடுமுறையிலும் வாரக் கடைசியிலும் கியா பார்ம் சந்தைக்கு முன் சுற்றுலாக் கார்கள் அடைத்துக்கொண்டு நிற்பதை நாம் அறிவோம். பிரிஞ்சாங்கைத் தாண்டித் தானா ராத்தா போய்ச் சேர அந்நாட்களில் எவ்வளவு நேரம் ஆகும் என்பதைச் சரக்கு லோரிக்குக் காத்திருந்தவர்கள் சொல்வார்கள். காட்டுக்குள் இருக்கும் ஓராங் அஸ்லி கிராமத்துக் குழந்தைக்கு வழி இன்னும் நீளம்.

இனிக் கணக்குக்கு வருவோம். ரோட்டா வைரஸ் ஒரே சரக்கு அன்று. பல மார்க்கா உண்டு. அரிசி மூட்டைக்குச் சாக்கின்மேல் ஒரு முத்திரையும், தைத்த வாயில் தொங்கும் சீட்டில் ஒரு முத்திரையும் இருப்பது போல, இக்கிருமிக்கும் வெளிப்புறத்தில் இரண்டு அடையாளங்கள் உள்ளன. மேலுறையாக இருக்கும் புரதத்தை வைத்து 'ஜி' என்று ஓர் எண். உறையில் முள் போல நீட்டி நிற்கும் புரதத்தை வைத்து 'பி' என்று ஓர் எண். ஜி-1 பி-8, ஜி-2 பி-4, ஜி-3 பி-8, ஜி-4 பி-8, ஜி-9 பி-8, ஜி-12 பி-8 என்பன குழந்தைகளிடம் அடிக்கடி காணப்படுபவை. மாட்டுக்கும் பன்றிக்கும் குதிரைக்கும் அவையவைக்குரிய மார்க்காக்கள் வேறு.

கிருமியின் உள்ளே அதன் குணங்களை எழுதிய சரடு பதினொரு தனித் துண்டுகளாக இருக்கிறது. இங்கேதான் சங்கடம். ஒரு குழந்தையின் குடலில் ஒரே சமயத்தில் இரண்டு மார்க்காக் கிருமிகள் புகுந்துவிட்டால், இதில் நான்கு துண்டு, அதில் ஏழு துண்டு என்று கலந்து, புதிய பொட்டலம் கட்டிக்கொண்டு வெளியே வரும். மாட்டுக் கிருமியின் துண்டு மனிதக் கிருமிக்குள் வந்து உட்காருவதும் உண்டு. கலப்படச் சரக்கை வெளிமுத்திரையை மட்டும் பார்த்து நம்ப முடியாதென்பது வியாபாரிக்குத் தெரியும். அதனால் இக்காலத்தில் பதினொரு துண்டுகளையும் பிரித்துப் படிக்கிறார்கள்.

கணக்கெடுக்கும் முறை இதுதான். பேதிக்காக ஆஸ்பத்திரியில் படுக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையிடம் சிறிதளவு மலத்தை எடுத்துக் குளிர்ப்பெட்டியில் வைப்பார்கள். எலிசா என்ற சோதனையால் அதில் ரோட்டா உண்டா இல்லையா என்று முதலில் பார்ப்பார்கள். உண்டென்றால் பி.சி.ஆர். சோதனையால் எந்த ஜி, எந்த பி என்று அறிவார்கள். அந்த வசதி வருவதற்கு முன், பதினொரு துண்டுகளையும் பாகு போன்ற ஒரு பலகையில் மின்சாரம் பாய்ச்சி ஓடவிடுவது வழக்கம். பெரிய துண்டு மெதுவாகவும் சிறிய துண்டு விரைவாகவும் ஓடும். ஓடி நின்ற இடங்களில் ஏணிப் படிகள் போலக் கோடுகள் விழும். படிகளின் இடைவெளியைப் பார்த்தே இது நேற்று வந்த கிருமியா, புதிதாக வந்ததா என்று சொல்லிவிடுவார்கள். இவற்றோடு குழந்தையின் வயது, ஊர், தேதி, சொட்டு மருந்து எத்தனை தவணை போட்டது என்பனவும் பதிவாகும். ஒரு நாள் வரவைப் பார்த்துக் கடை லாபமா நஷ்டமா என்று சொல்ல முடியாது; இதுவும் வருஷக் கணக்கு.

நம் தமிழகத்தில் இந்தக் கணக்குக்குத் தலைமை இடம் வேலூர். தோல் வியாபாரத்தாலும் பள்ளிவாசல்களாலும் நமக்குத் தெரிந்த ஊர்தான். அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ககன்தீப் காங் என்ற அம்மையாரும் அவர் குழுவினரும், பீடி சுற்றிப் பிழைக்கும் குடும்பங்கள் நெருங்கி வாழும் குடியிருப்புகளில், 2002-ஆம் ஆண்டு முதல் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். வாரத்துக்கு இரு முறை வீட்டுக்குப் போவது, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மலம் எடுப்பது என்று மூன்று வயது முடியும் வரை 373 குழந்தைகளை விடாமல் கவனித்தார்கள். பேதி இருந்தாலும் எடுத்தார்கள், இல்லாவிட்டாலும் எடுத்தார்கள். இந்தப் பொறுமைக்கு எவ்வளவு மரியாதை செய்தாலும் தகும்.

2011-இல் வெளியான அந்தக் கணக்கு பலரைத் திகைக்க வைத்தது. நூற்றுக்கு 56 குழந்தைகளை ஆறு மாதம் முடிவதற்குள்ளேயே கிருமி பிடித்துவிட்டது. மெக்சிகோ நாட்டில் 1996-இல் வெளியான இதே போன்ற ஆராய்ச்சியில், இரண்டு முறை பிடித்த குழந்தைக்குப் பிறகு கடும் பேதி வரவேயில்லை. வேலூரிலோ மூன்று முறை பிடித்த பிறகும் கடும் பேதியிலிருந்து கிடைத்த பாதுகாப்பு நூற்றுக்கு 79 தான். அஃதன்றி, ஜி-1 பி-8 ஒரு முறை வந்துபோன குழந்தைக்கு, அதே ஜி-1 பி-8-இடமிருந்து தனிப்பட்ட பாதுகாப்பு எதுவும் ஏற்படவில்லை. ஏமாற்றிய ஆளை மறுமுறை அடையாளம் கண்டுகொள்வோம் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். பச்சிளங்குழந்தையின் குடல் அப்படி நடக்கவில்லை. ஒரு நாட்டில் நன்றாக வேலை செய்த மருந்து இன்னொரு நாட்டில் அப்படியே செய்யும் என்று எண்ணக் கூடாதென்பதும், நம் ஊர்க் குழந்தைக்கு நம் ஊரிலேயே கணக்கெடுக்க வேண்டுமென்பதும் இதனால் தெளிவாயின.

இந்தியா முழுவதற்குமான கணக்கை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2005-ஆம் ஆண்டு முடிவில் தொடங்கியது. முதல் இரண்டு ஆண்டுகளில் பார்த்த 4,243 குழந்தைகளில் நூற்றுக்கு 39 பேருக்கு ரோட்டா இருந்தது. அந்நாளில் ஜி-2 பி-4 முதலாவதாகவும் ஜி-1 பி-8 அடுத்ததாகவும் நின்றன. மலேசியாவும் சும்மா இருக்கவில்லை. ஆசிய நாடுகள் ஒன்பது சேர்ந்து 2001-இல் நடத்திய கணக்கில் இந்நாடும் ஓர் உறுப்பு. பேதிக்காக ஆஸ்பத்திரியில் படுத்த குழந்தைகளில் நூற்றுக்கு 45 பேருக்கு ரோட்டா என்று அந்த ஒன்பது நாட்டுக் கணக்கு சொல்லிற்று. மலேசியாவில் ஐந்து வயது முடிவதற்குள் 61 குழந்தைகளில் ஒன்று இக்கிருமியால் ஆஸ்பத்திரியில் படுக்க நேரிடும் என்று 2005-இல் மதிப்பிட்டார்கள். இங்கே சாவு அரிது. ஆனால் நாட்கூலிக்காரரின் பிள்ளை நான்கு நாள் படுத்தால் வீட்டில் நான்கு நாள் அடுப்புக்கு முட்டு என்பதையும் அந்த எண்ணோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

கணக்கிலிருந்து மருந்து பிறந்த விதம் வெகு அருமையானது. 1980-களின் நடுவில் டில்லியிலுள்ள அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில், பிறந்த சிசுக்கள் சிலவற்றின் மலத்தில் ரோட்டா இருந்தது. ஆனால் அவற்றுக்குப் பேதியே இல்லை. டாக்டர் எம். கே. பான் என்பவரும் குழுவினரும் அதை விட்டுவிடாமல் பின்தொடர்ந்ததில், அந்தச் சிசுக்களுக்குப் பிற்காலத்திலும் கடும் பேதி குறைவாகவே வந்தது. அந்தக் கிருமியைச் சோதித்தபோது அது ஜி-9 பி-11. மனிதக் கிருமிதான், முள் மட்டும் மாட்டு வகையிலிருந்து வந்து ஒட்டியது. மேலே சொன்ன கலப்படம் இங்கே நன்மையாக முடிந்தது. அந்தக் கிருமியையே வளர்த்து ஹைதராபாத்தில் ரோட்டாவாக் என்ற சொட்டு மருந்து தயாரித்தார்கள். ஆறு, பத்து, பதினான்கு வாரங்களில் ஐந்தைந்து சொட்டு. டில்லி, பூனா, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 சிசுக்களிடம் சோதித்து 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். முதல் வயதில் கடும் ரோட்டா பேதி நூற்றுக்கு 56 பங்கு குறைந்தது. இந்திய சர்க்கார் 2016-இல் நான்கு மாநிலங்களில் இலவசமாகத் தொடங்கி, 2017-இல் தமிழ்நாட்டிலும், 2019-க்குள் நாடு முழுவதும் கொடுக்க ஏற்பாடு செய்தது.

'பாதிக்குச் சற்று மேல்தானே, இது ஒரு மருந்தா?' என்று கேட்பவர் உண்டு. இரண்டு குழந்தை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய இடத்தில் ஒன்று வீட்டில் இருந்தால் அது சிறு லாபமன்று. 'சொட்டு போட்டும் பிள்ளைக்குப் பேதி வந்ததே' என்று சொல்பவரும் உண்டு. பேதி எல்லாம் ரோட்டா அன்று என்பது ஒரு பதில். சொட்டு தடுப்பது முக்கியமாகக் கடுமையை என்பது மற்றொரு பதில். இவை வாய்ப்பேச்சாக இல்லாமல் கணக்காக நிற்கக் காரணம், மருந்து வந்த பிறகும் பேரேட்டை மூடாமல் வைத்திருந்ததுதான். இந்தியாவில் 31 ஆஸ்பத்திரிகளில் எடுத்த கணக்கின்படி, பேதிக்குப் படுத்த குழந்தைகளில் ரோட்டா உள்ளவர்கள் முன்பு நூற்றுக்கு 40. மருந்து வந்தபின் நூற்றுக்கு 20. சோதனையில் சொன்னது ஊர்வழக்கத்திலும் ஏறக்குறைய அப்படியே நடந்தது.

பேரேடு மூடியிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு உதாரணம் சொல்கிறோம். 1998-இல் அமெரிக்காவில் வந்த முதல் ரோட்டா மருந்தால் சில குழந்தைகளுக்குக் குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டது. பத்தாயிரத்தில் ஒன்று என்ற அளவேயானாலும் கணக்கில் அது தெரிந்தவுடன் 1999-இல் மருந்தை நிறுத்திவிட்டார்கள். இப்போதுள்ள மருந்துகளில் அந்த அபாயம் இலட்சக் கணக்கில் சிலவே. அதனாலேயே முதல் தவணையை ஆறு வாரத்துக்குப் பின், பதினைந்து வாரத்துக்குள் போடுவது வழக்கம். இரண்டாவது உதாரணம் பிரேசில். அந்நாடு 2006-இல் ஜி-1 பி-8-ஆல் ஆன மருந்தைக் கொடுக்கத் தொடங்கியது. உடனே அங்கே ஜி-2 பி-4 பெருகிற்று. மருந்து ஒரு மார்க்காவை விரட்டி இன்னொன்றுக்கு இடம் செய்துவிட்டது என்று கூக்குரல் எழுந்தது. மருந்தே கொடுக்காத அக்கம்பக்கத்து நாடுகளின் கணக்கைப் புரட்டிப் பார்த்தபோது அங்கேயும் அதே காலத்தில் ஜி-2 பி-4 பெருகியிருந்தது. கிருமி தானாகவே மாறிமாறி வருவது, மருந்தின்மேல் குற்றமில்லை. பக்கத்துக் கடைக் கணக்கும் இருந்ததால் வழக்குத் தீர்ந்தது.

மாறிவரும் இந்தப் பழக்கத்தால் கண்காணிப்பு ஓய்வதேயில்லை. இந்தியாவில் பிற்காலத்தில் ஜி-3 பி-8 முன்னுக்கு வந்தது. ஜப்பானில் 2013-இல் கண்ட ஒரு வகை ஜி-3, குதிரைக் கிருமியின் ஜாடை கொண்டது. அது ஆஸ்திரேலியா, தாய்லாந்து, இந்தோனேசியா என்று பரவிற்று. கியா பார்ம் எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் தனித்த ஊர் அன்று. வங்காள தேசத்தார், நேப்பாளத்தார், இந்தோனேசியர் தோட்டங்களில் வேலை செய்கிறார்கள். சிங்கப்பூரிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் குழந்தைகளோடு ஜனங்கள் ஸ்ட்ராபெர்ரி பறிக்க வருகிறார்கள். யார் கையில் எந்த மார்க்கா வருகிறதென்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. இதற்காக எந்த நாட்டாரையும் குறை சொல்லவும் இடமில்லை. நம் முன்னோரும் கப்பலேறி வந்தவர்களே. ஆஸ்பத்திரியில் குழந்தையின் மலத்தைச் சோதனைக்குக் கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுக்கும்படியும், தடுப்பு மருந்துச் சீட்டைக் கையோடு எடுத்துப் போகும்படியும் தாய்மாருக்குச் சொல்லலாம்.

மலேசியாவில் சொட்டு மருந்து தனியார் கிளினிக்குகளில் கிடைக்கிறது. சர்க்காரின் இலவசப் பட்டியலில் 2020-இல் நிமோனியாக் கிருமிக்கான ஊசி சேர்ந்தபோது இது சேரவில்லை. நம்மவர் சிலருக்கு வேறொரு தயக்கமும் உண்டு. இக்கிருமியின் முள்ளை டிரிப்சின் என்ற குடல் நீர்ப்பொருள் வெட்டிவிட்டால்தான் அது உயிரணுவுக்குள் புகும். ஆகவே ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும்போதும் டிரிப்சின் வேண்டும். பன்றியிலிருந்து எடுத்த டிரிப்சின் சில மருந்துகளின் தயாரிப்பில் பயன்பட்டதால் ஹலால் பற்றிய கேள்வி எழுந்தது. நியாயமான கேள்வி. தீர்ப்புச் சொல்வது கடைக்காரன் வேலையன்று. மருந்தின் பெயரை எழுதி எடுத்துக்கொண்டு டாக்டரையும், மார்க்க அறிஞரையும் நேரே கேட்பதுதான் முறை. காப்பிக் கடைப் பேச்சை நம்பித் தீர்மானிப்பது முறையன்று.

கடையில் கொடுக்க வேண்டியதற்கு வருவோம். பேதியைக் கட்டும் மாத்திரையைச் சிறு குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது; குடல் அசைவற்றுப் போய் உயிருக்கே ஆபத்தாகலாம். ஆன்டிபயாட்டிக் மருந்து வைரஸைக் கொல்லாது. இனிப்பான கேஸ் தண்ணீர் பேதியை அதிகப்படுத்தும். கொடுக்க வேண்டியது ஓ.ஆர்.எஸ். என்ற உப்புச் சர்க்கரைப் பொட்டலம். 1971-இல் வங்காள தேச அகதிகள் இந்திய எல்லையில் போன்கான் என்ற இடத்தில் காலராவால் மடிந்தபோது, டாக்டர் திலீப் மஹலநாபிஸ் ஊசி வழி ஏற்றும் நீர் தீர்ந்துபோன நிலையில் இந்தக் கரைசலைப் பீப்பாய்களில் கலந்து கொடுத்தார். நூற்றுக்கு 30 என்றிருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கிற்று. சீனி உப்பைக் கைப்பிடித்துக் குடலுக்குள் அழைத்துப் போகிறது; உப்பின் பின்னால் தண்ணீர் போகிறது. சூட்சுமம் அவ்வளவுதான்.

பொட்டலத்துக்குப் பொட்டலம் தண்ணீர் அளவு வேறு. கால் லிட்டருக்கானதும் உண்டு, ஒரு லிட்டருக்கானதும் உண்டு. மேலே எழுதியிருப்பதைப் படித்துத் தாயிடம் சொல்ல வேண்டும். மலாய் படிக்கத் தெரியாதவரும் வருகிறார்கள். கொதித்து ஆறிய தண்ணீரில் கரைத்து, ஓரிரு நிமிஷத்துக்கு ஒரு தேக்கரண்டியாகக் கொடுக்க வேண்டும். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து மறுபடி மெதுவாகக் கொடுக்கலாம். கரைத்தது ஒரு நாளுக்கு மேல் ஆகாது. தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. பொட்டலம் தீர்ந்துபோனால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு மிஞ்சினால் கெடுதல். கண் குழிந்தால், அழும்போது கண்ணீர் வராவிட்டால், ஆறு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டால், குழந்தை துவண்டு தூங்கிக்கொண்டே இருந்தால், மலத்தில் இரத்தம் கண்டால் ஆஸ்பத்திரிதான். கார் இல்லாதவருக்கு நம் வேனை எடுத்துக் கொடுக்கலாம். வழியிலும் கரண்டியால் கொடுத்துக்கொண்டே போக வேண்டும்.

மொத்த வியாபாரியிடம் இந்தப் பொட்டலத்துக்கு லாபம் சொற்பம் என்பதால் பலர் வாங்கி வைப்பதில்லை. வாங்கியவர்களும் மேல் தட்டில் பிஸ்கட் டின்னுக்குப் பின்னால் வைத்துவிடுகிறார்கள். பள்ளி விடுமுறைக்கு முன் இரண்டு டஜன் எடுத்து, காலாவதித் தேதி பார்த்து, கல்லாவுக்குப் பக்கத்தில் கைக்கெட்டும் இடத்தில் வைக்கலாம். தண்ணீர் அளவைத் தமிழிலும் மலாயிலும் வங்காளியிலும் ஒரு சீட்டில் எழுதி அருகில் ஒட்டிவிட்டால், முதலாளி தொழுகைக்குப் போயிருந்தாலும் கடைப் பையன் சரியாகச் சொல்லிக் கொடுப்பான்.